சாயங்காலம் ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள்

ஆடிட் வருகிறது என்று சொல்லிவிட்டால் ஒரு பனியன் கம்பெனி எப்படி மாறும் என்பதைத் திருப்பூரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கக்கூஸுக்குப் புது பெயின்ட் அடிப்பார்கள். முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சும் டெட்டாலும் வந்து சேரும். தீயணைப்பு சிலிண்டரில் தேதி பார்த்து மாற்றுவார்கள். அவசர வழியை அடைத்துக் கிடந்த பீஸ் மூட்டைகள் ராத்திரியோடு ராத்திரியாக இடம் மாறும். கட்டிங் மாஸ்டர் கையில் இரும்புவலைக் கையுறை ஏறும். வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆளும் லேசுப்பட்டவர் இல்லை. நேராக வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் கேட்பார். சூப்பர்வைசரை வெளியே அனுப்பிவிட்டு, ஓவர்லாக்கில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் தனியாகப் பேசுவார். சரக்கு சோதனைக்கு வருபவரோ நாம் எடுத்து நீட்டும் அட்டைப்பெட்டியைத் தொடவே மாட்டார். அடுக்கின் அடியில், மூலையில் கிடப்பதை உருவச் சொல்வார்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன் நான். என் அம்மாவை ஒரு இல்லத்தில் சேர்க்கும் முடிவை நாற்பது நிமிடத்தில் எடுத்துவிட்டேன். முற்றத்தில் துளசி மாடம் இருந்தது. மீன்தொட்டி இருந்தது. வரவேற்பறையில் இருந்த பெண், “கவலையே படாதீங்க சார், எங்க சொந்த அம்மா மாதிரி பாத்துக்குவோம்” என்றார். வருகிற நாளையும் நேரத்தையும் நான் முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தேன். அவர்களும் தயாராக இருந்தார்கள். அன்று நான் பார்த்தது ஆடிட் நாள்.

அம்மாவுக்கு இப்போது 74 வயது. காதர்பேட்டைக்குப் பின்னால் இருந்த ஒரு கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்து, பிறகு செக்கிங்குக்குப் போய், முப்பது வருஷத்துக்கு மேல் பனியனோடு வாழ்ந்தவர். எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் மடிப்பு ஓரத்தைத் தடவிப் பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவருக்கு முதல் வேலை. கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முந்தானையில் நூல் தொங்கினால் கேட்காமலே கிள்ளிவிடுவார்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு நாள் காலை ஏழே முக்காலுக்குத் தூக்குப்போசியோடு தெருமுனையில் போய் நின்றார். “கம்பெனி வண்டி இன்னும் வரலியா கண்ணு?” என்று பால்காரத் தம்பியிடம் கேட்டிருக்கிறார். அந்தக் கம்பெனியை மூடிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. தூக்குப்போசியில் சோறு இல்லை. நன்றாக மடித்த ஒரு துண்டு இருந்தது.

‘நெனப்புத் தப்பிருச்சு’ என்றார்கள் பக்கத்து வீட்டில். ‘வயசானா அப்படித்தான்’ என்றார் மாமா. மாமா சொன்னதுதான் ஆபத்தான பேச்சு. வயதானவர்கள் எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. மறதி எல்லாமே அல்சைமரும் இல்லை. தைராய்டு குறைந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும், ரத்தத்தில் உப்பு இறங்கினாலும், மனச்சோர்வு பிடித்தாலும் ஆள் மறதிக்காரர் போலவே தெரிவார். எப்போதோ கீழே விழுந்ததில் தலைக்குள் மெதுவாகக் கசிந்த ரத்தமும் அப்படித்தான் காட்டும். இவற்றில் பலவும் வைத்தியத்தில் திரும்பக் கூடியவை. சிறுநீர்த் தொற்று வந்தால்கூட ஒரு முதியவர் இரண்டே நாளில் மகனைப் பார்த்து ‘நீ யாரு’ என்று கேட்கக்கூடும். ரத்தப் பரிசோதனையும் தலை ஸ்கேனும் முடிக்காமல் இல்லம் தேடிக் கிளம்பாதீர்கள். சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் 1978-ல் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கிய காலம் முதல் தமிழ்நாட்டில் இந்தத் துறை இருக்கிறது. 2024-ல் கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கைகளோடு தேசிய மையம் திறக்கப்பட்டது. திருப்பூரிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதல் படி அங்கேதான்.

அம்மாவுக்கு எல்லாச் சோதனையும் முடிந்து, டிமென்ஷியா எனும் மறதி நோய்தான் என்று உறுதியானது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் வீட்டிலேயே பார்த்தோம். என் மனைவி செக்கிங்கில் வேலை, தங்கை பவர் டேபிளில் ஒன்றரை ஷிப்ட், நான் செய்திக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறவன். ஒருநாள் அம்மா கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்துபோனார். இன்னொரு நாள் நொய்யல் பாலத்துக்குப் பக்கத்தில் கிடைத்தார். அதற்கு மேல் எங்களால் முடியவில்லை.

‘பெத்தவளைக் கொண்டுபோய் ஹோம்ல விட்டுட்டான்’ என்று ஊர் பேசும். பேசியது. கொங்கு நாட்டில் தோட்டத்து வீட்டுத் திண்ணையில் கிழவர் கட்டில் கிடந்த காலத்தில், அவரைப் பார்த்துக்கொள்ள வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். உண்மையில் பார்த்தது மருமகள். இன்று அந்த மருமகள் மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள். திருப்பூர் பணம் பார்த்ததே வீட்டில் இருந்த அத்தனை கைகளும் கம்பெனிக்குப் போனதால்தான். வேலைக்குப் போகும் பெண்ணை நிறுத்தி, ‘நீ வீட்டிலிருந்து மாமியாரைக் கழுவு’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நோயாளியைத் தனியாக வீட்டில் பூட்டிவிட்டு ஷிப்டுக்குப் போவதைவிட, நல்ல இல்லத்தில் சேர்ப்பது மேல். வெட்கப்பட வேண்டியது சேர்த்ததற்கு இல்லை. சரியாகப் பார்க்காமல் சேர்த்ததற்குத்தான்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு சொல்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து முதியவர்கள் விகிதம் அதிகம் உள்ளது தமிழ்நாட்டில்தான். 2021 கணக்கில் 13.6 சதவீதம். 2031-ல் 18-ஐத் தாண்டும் என்று மதிப்பிடுகிறார்கள்.

பதினேழாவது நாள்

அம்மாவைச் சேர்த்த பதினேழாவது நாள், வேறு வேலையாக அந்த வழியாகப் போனவன், சொல்லாமல் உள்ளே போனேன். சாயங்காலம் ஏழு மணி இருக்கும். மீன்தொட்டியில் விளக்கு எரிந்தது. வரவேற்பறையில் ஆள் இல்லை.

அம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் சாப்பாட்டுப் பலகை ஒன்றை வைத்து, எழ முடியாதபடி பூட்டியிருந்தார்கள். குழந்தைகளுக்கு இருக்குமே, அது மாதிரி. அம்மா பலகையின் ஓரத்தை நகத்தால் கிள்ளிக்கொண்டே எழப் பார்த்தார். ‘பைட்டோ, பைட்டோ’ என்று ஒரு பெண் அவர் தோளை அமுக்கினாள். உட்காரச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அம்மாவுக்குப் புரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். ஊரை விட்டு நம் மிஷின்களுக்கு வந்து உட்காரும் பிள்ளைகளைப் போலவே எங்கிருந்தோ பிழைக்க வந்தவள். பதினாலு பேருக்கு அந்த நேரத்தில் அவள் ஒருத்தி. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ராத்திரிக்கு ஒரு புது மாத்திரை சேர்த்திருந்தார்கள். அதனால்தான் அம்மாவுக்கு நாக்குக் குழறியது.

மறதி நோயாளிகளில் பலருக்குப் பொழுது சாயும் நேரம் கஷ்டமான நேரம். வெளிச்சம் குறையக் குறையப் பதற்றம் ஏறும். ‘வீட்டுக்குப் போகணும்’ என்பார்கள், அழுவார்கள், கதவைத் தட்டுவார்கள். இல்லத்தில் பகல் ஆட்கள் கிளம்பி ராத்திரி ஆட்கள் வருவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். எனவே ஒரு இல்லத்தின் உண்மையான முகம் காலை பதினோரு மணிக்குத் தெரியாது. சாயங்காலம் ஏழு மணிக்குத் தெரியும்.

அன்று ராத்திரியே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். முன்பணம் திரும்பி வர எட்டு மாதம் ஆனது.

எனக்குக் கிடைத்த அதிர்ச்சி சின்னது. இதைவிடப் பல மடங்கு பெரிய ஒன்று இதே ஊரிலிருந்து கிளம்பியிருக்கிறது. 2021 டிசம்பரில் திருப்பூரைச் சேர்ந்த முதியவர் ஒருவரை விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இருந்த அன்பு ஜோதி ஆசிரமத்தில் சேர்த்தார்கள். சேர்க்கச் சொன்ன உறவினர் அமெரிக்காவில் இருந்தார். பின்னர் பார்க்கப் போனபோது முதியவர் அங்கே இல்லை. பெங்களூரில் வேறோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அங்கேயும் இல்லை. சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே நுழைந்தபோதுதான் அந்த ஆசிரமம் உரிய அனுமதி இல்லாமல் நடந்துவந்தது வெளியே தெரிந்தது. 140-க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். அடித்தார்கள், சங்கிலியில் கட்டினார்கள், பெண்களிடம் தவறாக நடந்தார்கள் என்ற புகார்கள் எழுந்து வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. ஒருவரைத் தேடிப் போனதால் அத்தனை பேரும் வெளியே வந்தார்கள். யாரும் தேடிப் போகாதிருந்தால் என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

ஆகவே முதல் கேள்வி அனுமதி. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2009-ல் வந்தன. முதியோர் இல்லம் நடத்துபவர்கள் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். மனநோயாளிகளையும் வைத்துச் சிகிச்சை தருவதாக இருந்தால் 2017-ம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி மாநில மனநல ஆணையத்தின் பதிவும் வேண்டும். சான்றிதழை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். கிட்டப் போய்த் தேதியைப் படியுங்கள். எத்தனை பேருக்கு அனுமதி என்பதைப் படித்துவிட்டு, கட்டில்களை எண்ணுங்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் ஒரு நடை விசாரியுங்கள்.

சான்றிதழ் இருந்தால் போதுமா? போதாது. 2013 ஏப்ரலில் டாக்காவுக்கு அருகே ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட தையல் தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்த கம்பெனிகளில் சில, அதற்கு முன்பே வெளிநாட்டு ஆடிட்டர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனவைதான். காகிதம் பார்த்தவர்கள் கட்டடத்தின் பலவீனத்தைப் பார்க்கவில்லை.

பதிவேட்டைக் கேளுங்கள்

அதற்குப் பிறகு மூன்று மாதம் தேடினேன். கோவை, பல்லடம், ஈரோடு, ஒருமுறை பெங்களூர் வரை. இந்த முறை ஆடிட்டரைப் போலப் போனேன்.

முதலில் ஒரு வித்தியாசம் புரிந்தது. இந்தியாவிலேயே ஓய்வுக்காலக் குடியிருப்புகளுக்குப் பேர்போன ஊர் கோவை. கோவைகேர், நானா நானி ஹோம்ஸ் போன்ற பெயர்கள் வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் எல்லாம் தெரிந்தவை. ஆனால் ‘ரிட்டயர்மென்ட் ஹோம்’ என்பது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் முதியவர்கள் வீடு வாங்கியோ வாடகைக்கோ வாழும் இடம். குளிக்கவும் உடுத்தவும் மாத்திரை எடுக்கவும் துணை வேண்டியவர்களுக்கான ‘அசிஸ்டட் லிவிங்’ வேறு. மறதி நோய்க்கென்று பயிற்சி பெற்ற ஆட்களும் அதற்கேற்ற கட்டடமும் உள்ள ‘மெமரி கேர்’ அதனினும் வேறு. மூன்றையும் ஒரே விளம்பரப் பலகையில் எழுதிவிடுவது சுலபம். நான் கேட்ட கேள்வி இது: “அம்மாவுக்கு நோய் முத்தி, படுக்கையிலேயே போற நிலை வந்தா நீங்க வெச்சுக்குவீங்களா, கூட்டிட்டுப் போகச் சொல்லுவீங்களா?” பல இடங்களில் பதில் தெளிவாக வரவில்லை. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் தெளிவாக இருந்தது: கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

ராத்திரியில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள்? எல்லா இடத்திலும் நல்ல எண்ணாகவே சொன்னார்கள். நான் ராத்திரி ஷிப்ட் வருகைப் பதிவேட்டைக் கேட்டேன். காட்டியவர்கள் இரண்டே பேர். அந்த ஆட்கள் விழித்திருப்பவர்களா, அங்கேயே படுத்துத் தூங்குகிறவர்களா என்பது அடுத்த கேள்வி. இரண்டும் ஒன்றில்லை.

கீழே விழுந்தவர்கள் கணக்கு எழுதும் நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு மேலாளர், “எங்ககிட்ட யாரும் விழுந்ததே இல்ல சார்” என்று பெருமையாகச் சொன்னார். முதியவர்கள் நடமாடும் இடத்தில் யாராவது ஒருநாள் விழத்தான் செய்வார்கள். விழவே இல்லை என்றால் எழுதவில்லை, அல்லது நடக்கவே விடவில்லை. ஜீரோ ரிஜெக்ஷன் என்று சொல்லும் செக்கிங் டேபிளை எந்த பையர் நம்புவார்?

மாதாமாதம் எடை பார்த்து எழுதுகிறார்களா என்பது இன்னொன்று. இதை எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு வயதான நர்ஸம்மா. மறதி நோயாளி பசிக்கிறது என்று சொல்ல மாட்டார், சாப்பிட்டதையும் மறந்திருப்பார். தட்டை வைத்துவிட்டுப் போகிறார்களா, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறார்களா என்பது மூன்று மாத எடையில் தெரிந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் போங்கள். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறும் மோரும் ஊற்றினால் சிலருக்குத் தட்டில் என்ன இருக்கிறது என்றே பிரித்துத் தெரியாது. ஓரம் நல்ல நிறமாக இருக்கும் தட்டு வைத்த இடம் விஷயம் தெரிந்த இடம். கக்கூஸும் அப்படியே. வெள்ளை டைல்ஸில் வெள்ளை கமோடு கண்ணுக்குப் படாது, ராத்திரியில் தடுமாறுவார்கள். கைப்பிடிக் கம்பியை நீங்களே ஒருமுறை முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள்.

மாத்திரை விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பதற்றத்தை அடக்கத் தரும் மனநோய் மருந்துகள், மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே கடும் எச்சரிக்கை விடுத்தது. சில நேரம் டாக்டருக்கு அவை தேவைப்படும், மறுக்கவில்லை. ஆனால் எந்த மாத்திரை, எதற்காக, எவ்வளவு நாளைக்கு என்று வீட்டுக்குச் சொல்லி, சம்மதம் வாங்கி, எழுதி வைத்துத்தான் தர வேண்டும். பகல் இரண்டு மணிக்கு ஒரு கூடம் முழுக்க எல்லோரும் தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தால் அதை அமைதி என்று நினைத்துவிடாதீர்கள்.

மொழி. இதை யாரும் கேட்பதே இல்லை. நோய் ஏற ஏறப் பலருக்குப் பின்னால் கற்ற மொழி முதலில் போகும். பள்ளியில் படித்த இங்கிலீஷ் போகும், சினிமாவில் கேட்ட இந்தி போகும். சின்ன வயதில் காதில் விழுந்தது கடைசிவரை நிற்கும். என் அம்மாவிடம் ‘சாப்பிடவும்’ என்றால் அசையமாட்டார். ‘ஏனுங்கம்மா, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு உக்காருங்’ என்றால் வாயைத் திறப்பார். எந்த ஊர்ப் பெண் வேலைக்கு வந்தாலும் சரி, இப்படிப் பத்து வாக்கியங்களை அவளுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இன்னும் ஒன்று. நமக்குக் காட்டும் அறையை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். கூடத்துக்கு எழுந்து வர முடியாதவர்கள் படுத்திருக்கும் அறைக்குப் போகக் கேளுங்கள். மூக்கு சொல்லிவிடும். அங்கே வேலை பார்க்கும் பெண்ணிடம் தனியாக இரண்டு நிமிடம் பேசுங்கள். எவ்வளவு நாளாக இருக்கிறாய், சம்பளம் நேரத்துக்கு வருகிறதா என்று. ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இல்லத்தில் என் அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

பிசிறு

தேடித் தேர்ந்த இரண்டாவது இல்லத்தில் என்னைவிட அவர்கள்தான் அதிகம் கேட்டார்கள். ஒரு மணி நேரம். அம்மா காலையில் காப்பியா டீயா, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார், குளிக்க வெந்நீரா பச்சைத் தண்ணீரா, எதற்குப் பயப்படுவார், யார் பெயரைச் சொல்லி அழுவார், என்ன வேலை பார்த்தார். பனியன் கம்பெனி என்றேன். எந்த செக்‌ஷன் என்று கேட்டார் அந்த நர்ஸ். அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பாதி முடிவு வந்துவிட்டது.

ஒரு வாரம் மட்டும் முதலில் விடுங்கள், பார்க்கலாம் என்று அவர்களே சொன்னார்கள். துணியை ஒரு தண்ணிக்குப் போட்டு, காயவைத்து, அளந்து பார்த்துத்தான் சுருக்கம் எவ்வளவு என்று நாம் சொல்கிறோம். மனுஷிக்கும் அந்த ஒரு தண்ணி வேண்டும். எந்த இல்லமாவது சோதனை வாரத்துக்கு ஒத்துக்கொள்ளாமல் மூன்று மாதப் பணத்தை முதலில் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நாலாம் நாள் சாயங்காலம் ஏழு மணிக்குச் சொல்லாமல் போனேன். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை. அதில் கழித்துப்போட்ட செகண்ட்ஸ் பனியன்கள், குழந்தைகள் சைஸ். ஒவ்வொன்றாக எடுத்து, ஓரத்தைக் கட்டைவிரலால் தடவி, பிசிறைக் கிள்ளி எடுத்து, தோளோடு தோள் சேர்த்து மடித்து, வலது பக்கம் அடுக்கினார். அடுக்கு ஒரு முழம் உயர்ந்ததும் ஒரு பெண் வந்து, “ஆச்சுங்களாம்மா, நான் எடுத்துக்கட்டுங்களா?” என்று கேட்டு எடுத்துப் போனாள். உள்ளே போய் அதே பனியன்களைக் கலைத்து, இன்னொரு கூடையில் போட்டுக் கொண்டு வந்தாள். அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். யாரென்று தெரியவில்லை. “இன்னிக்கு சரக்கு நெறைய இருக்குது சாமி, அப்பறம் வா” என்றார்.

முதல் இல்லத்தில் நகத்தால் பலகையைக் கிள்ளிக்கொண்டிருந்ததும் இதே விரல்தான். அங்கே அதை ‘தொந்தரவு’ என்று ஃபைலில் எழுதியிருந்தார்கள்.

ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் இந்த நோயை முதன்முதலில் 1906-ல் ஒரு பெண் நோயாளியை வைத்து விவரித்தார். நூறு வருஷம் தாண்டிவிட்டது, முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. இருப்பது பராமரிப்புதான். அதை நன்றாகச் செய்ய முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் வேஸ்ப் என்ற ஊரில் 2009-ல் ஹோகவெய்க் என்று மறதி நோயாளிகளுக்காகவே ஒரு சின்ன கிராமத்தைக் கட்டினார்கள். கடை, தெரு, தோட்டம் எல்லாம் உள்ளே. பழைய வாழ்க்கைப் பழக்கம் ஒத்துப்போகிறவர்களை ஒரே வீட்டில் சேர்த்து வைக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் குன்னங்குளத்தில் 1992-ல் டாக்டர் ஜேக்கப் ராய் தொடங்கிய அல்சைமர் சங்கம்தான் இன்று நாடு முழுக்கக் கிளை பரப்பியிருக்கிறது. கேரள அரசு 2014-ல் ‘ஸ்மிருதிபதம்’ என்று மறதி நோய்க்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் டிமென்ஷியா குடும்பங்களுக்காகத் தனிப் பிரிவு நடத்துகிறது. நம் பக்கம் இத்தனை தொழில், இத்தனை பணம் இருக்கிறது. அம்மாக்களுக்காக நாம் இன்னும் கோவைக்கு ஐம்பது கிலோமீட்டர் போய் வருகிறோம்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நல்ல மெமரி கேர் இல்லத்தில் ஒரு மாதத்துக்குக் கட்டும் தொகை, பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பல கணவன் மனைவியின் மொத்த மாதச் சம்பளத்தைத் தாண்டும். நானும் தங்கையும் சேர்ந்து கட்டுகிறோம், அதற்காகத் தோட்டத்தில் ஒரு பகுதியை விற்றோம். டயப்பர், மருந்து, டாக்டர் வருகை, ஆம்புலன்ஸ் எல்லாம் தனிக் கணக்கு. வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஏற்றுவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் எழுதி வாங்குங்கள். மெடிக்கல் இன்சூரன்ஸ் இதற்குக் கை கொடுக்காது. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு 2024 அக்டோபரில் மத்திய அரசு விரிவுபடுத்திய 5 லட்ச ரூபாய் ஆயுஷ்மான் திட்டமும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். இல்லத்தில் தங்கும் செலவுக்கு இல்லை.

இன்னொரு விஷயத்தில் நாங்கள் தாமதித்துவிட்டோம், நீங்கள் தாமதிக்காதீர்கள். அம்மா தெளிவாக இருந்தபோதே பேங்க் கணக்கில் எங்களில் ஒருவர் பெயரைச் சேர்த்திருக்க வேண்டும். உயில் எழுதியிருக்க வேண்டும். பவர் பத்திரம் இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் புத்தி தெளிவை இழந்துவிட்டால் நம் ஒப்பந்தச் சட்டப்படி அந்தப் பவர் முடிந்துபோகிறது. பிறகு உயர்நீதிமன்றம் வரை போய் நிற்க வேண்டி வரலாம். தனக்கு எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை 2017 மனநலச் சட்டம் தருகிறது. நோய் உறுதியான முதல் மாதத்திலேயே உட்கார்ந்து அம்மாவிடம் கேளுங்கள். அப்போது அவரால் பதில் சொல்ல முடியும்.

பணம் கட்ட முடியாதவர்கள்தான் இந்த ஊரில் அதிகம். அவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வரும் செவிலியரும் பிசியோதெரபி ஆட்களும் உண்டு. முதியோருக்கான இலவச உதவி எண் 14567. எந்த இல்லத்திலாவது தவறு நடப்பதாகத் தெரிந்தாலும் அந்த எண்ணில் சொல்லலாம். ஆனால் காலை எட்டரை மணிக்கு வேலைக்குப் போக வேண்டிய ஒரு பெண், மறதி நோய் கண்ட தன் தாயை ராத்திரி எட்டு வரை எங்கே விடுவாள்? அதற்கு இந்தத் திட்டங்களில் பதில் இல்லை. பூட்டிவிட்டுத்தான் போகிறாள். அப்படிப் பூட்டிய கதவுகளை நான் திருப்பூரின் லைன் வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு சட்டத்தில் திருத்தம் வந்தது. பையர்களும் கேட்டார்கள். நம் கம்பெனிகளில் காப்பகங்கள் வந்தன. பெரியவர்களுக்குப் பகல்நேரக் காப்பகம் வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை, எந்த ஆடிட்டரும் கேட்கப் போவதில்லை. 1990-ல் ஏற்றுமதியாளர் சங்கம் அமைத்து, சாயத் தண்ணீரைச் சுத்திகரிக்கப் பொது நிலையங்களைக் கூட்டாகக் கட்டிய ஊர் இது. திருப்பூரின் ஏற்றுமதியாளர்களையும் உள்நாட்டு உற்பத்தியாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: அனுப்பர்பாளையத்தில் ஒன்று, காங்கயம் ரோட்டில் ஒன்று, வீரபாண்டியில் ஒன்று என்று மூன்று ஷெட் போதும். காலை எட்டு முதல் ராத்திரி எட்டு வரை. பயிற்சி பெற்ற நாலைந்து பெண்கள், ஒரு நர்ஸ், வாரம் ஒருமுறை டாக்டர், நல்ல சோறு. கூடை நிறைய செகண்ட்ஸ் பனியன் உங்கள் கம்பெனியிலேயே கிடக்கிறது. அதை மடித்து அடுக்கத் தெரிந்த கைகள் இந்த ஊரில் பூட்டிய வீடுகளுக்குள் இருக்கின்றன.